மேல்மாடித் தெர்மோ சுடவில்லை என்று நான்தான் சொன்னேன்

தம்பி,

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. அந்தச் சொல்லை இனி நீ உழைத்துத்தான் வாங்கவேண்டும். இப்போதைக்குத் தம்பி என்பதே போதும். நலமா என்றும் கேட்கமாட்டேன். புதுத் தெலெபோனினோவை இடுப்பில் செருகிக்கொண்டு நீ பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறினதை எங்கள் சனம் கண்டு வந்து சொல்லிவிட்டது, அப்படியென்றால் நலம்தானே. அந்தத் தெலெபோனினோவுக்கு நான் எடுத்தால் மட்டும், "அம்மா, வேலையிலை நிக்கிறன், பிறகு கதைப்பம்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லது, ஆறுதலாக வாசி. மறைத்து வைத்து வாசிக்கவும் தேவையில்லை. உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்கும் கொடு. தான் எப்படிப்பட்டவனைக் கட்டப்போகிறேன் என்று அவளுக்கும் தெரியத்தானே வேண்டும்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் உன் கலியாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். என் பெயரையும் செத்துப்போன உன் அப்பாவின் பெயரையும் சொல்லி, இன்னாரின் மகன் என்று சுவாமி வாசித்தபோது நீ முன் வாங்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தாய். பிறகு அவர், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்றார். எனக்கு எழும்பி நின்று, "ஓம் சுவாமி, எனக்கு ஒண்டு தெரியும்" என்று சொல்ல வாய் உன்னியது. பக்கத்தில் இருந்த மனிசி என் கையைப் பிடித்து, "என்னக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள். தலை சுற்றவில்லை, கோபம். கோயிலுக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைமேல் இவ்வளவு கோபப்படலாமோ என்று எனக்கே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் அது தணியவில்லை. தணிய விடவும் எனக்கு விருப்பமில்லை.

என்ன செய்தேன் என்று நீ கேட்பாய். கேட்கக்கூடியவன்தான். ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், உன் வாயால் சொல்லப்பட்டது போல இல்லாமல், நடந்தது போல.

பொலிதேயாமாத் தியேட்டருக்குப் பக்கத்தில், நான் சமையல்வேலை செய்கிற சிஞ்ஞோராவின் இந்தப் பழைய வீட்டில், மேல்மாடியில், கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறையில்தான் நான் இத்தனை காலமும் இருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போனதும் இந்த அறையிலிருந்துதான். பலேர்மோவில் என்ன குளிர் என்று வடக்கே ஜெர்மனியில் இருக்கிற எங்கள் சனம் சிரிக்கும். கல்வீட்டுக்குள் ஊறியிருக்கிற ஈரக்குளிரை அவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் என் அறையில் சுவரோடு, உள்ளே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ஒரு இரும்புத் தெர்மோசிபோனே நின்றது. நாங்கள் அதைத் தெர்மோ என்போம். நிலவறையில் தண்ணீரைக் கொதிக்க வைக்க எண்ணெயில் எரிகிற கிழட்டுக் கல்தாயா, அதிலிருந்து கைத் தடிப்பில் குழாய்கள். பம்பு கிம்பு ஒன்றும் இல்லை. சுட்ட தண்ணீர் தன்பாட்டில் மேலே ஏறும், ஆறின தண்ணீர் தன்பாட்டில் கீழே இறங்கும். என் தெர்மோ ஒரு மாரியிலும் என்னைக் கைவிட்டதில்லை. மழைக்காலத்தில் உன் பள்ளிக்கூடக் காற்சட்டை காய்ந்ததும் அதன்மேல்தான்.

பிறகு தெருவுக்குக் காஸ் குழாய் வந்தது. சிஞ்ஞோரா பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்றா. "யாரை நம்பி விடுறது?" என்று சமையலறையில் நின்று அவ கேட்டபோது, "என் மகன் இருக்கிறான்" என்று சொன்னது யார்? நான். உனக்கு அப்போது பெரிய வேலை ஒன்றும் இல்லை. யாரோ ஒருவனின் பட்டறையில் குழாய் வளைத்துக்கொண்டிருந்தாய். என் சொல்லை நம்பித்தான் அவ உன்னை வீட்டுக்குள் விட்டா. நீ வந்து காஸ் கல்தாயாவும் பம்பும் பூட்டினாய். பழைய குழாயையும் தெர்மோக்களையும் அப்படியே விட்டாய். கீழ் வீடு கொஞ்ச நேரத்திலேயே சுட்டது, சிஞ்ஞோரா கையைத் தட்டினா, எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று பின்னேரம் அறைக்குப் போய்த் தெர்மோவில் கை வைத்தபோது எல்லாமே குளிர்ந்தது.

உனக்குச் சொன்னேன். வந்து, உள்ளே காற்று அடைத்திருக்கு என்று சின்னச் சாவியால் திறந்துவிட்டாய். காற்று வரவில்லை, பச்சைத் தண்ணீர் வந்தது. "காத்துத்தான் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாய். பொறுத்தேன். அடுத்த முறை வந்தும் காற்று என்றாய். பிறகு பம்பின் வேகத்தைக் கூட்டினாய். கீழே குழாயெல்லாம் வண்டு மாதிரி இரைந்தது, மேலே ஒரு மாற்றமும் இல்லை. நான் உனக்கு ஒன்று சொன்னேன், நினைவிருக்கிறதா? "தம்பி, தெர்மோவுக்கு வாற குழாய் இளஞ்சூடாய் இருக்கு, திறந்து பூட்டுற திருகாணிக்கு அங்காலைதான் செத்துக் கிடக்கு. போன மாரி இது சுட்டது. நீ பம்பு பூட்டினாப் பிறகுதான் சுடேல்லை." அதற்கு நீ சொன்னது: "அம்மா, நீங்கள் உங்கடை சமையலைப் பாருங்கோ." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சமையலைத்தான் பார்த்தேன், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. என் அறை குளிர்ந்ததைப் பற்றி நான் சிஞ்ஞோராவிடம் மூச்சும் விடவில்லை. விட்டால் உன் வேலையில் பிழை என்று ஆகிவிடும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சிஞ்ஞோராவின் பெயர்கொண்ட புனிதையின் திருநாள். மத்தியானம் அவவின் தம்பியும் குடும்பமும் இன்னும் பலரும் சாப்பிட வருகிறார்கள். காலமை நீ தெலெபோன் எடுத்தாய். இதை நீ மறந்திருந்தால் இப்போது நினை. "அம்மா, எனக்கொரு யோசினை. கீழை சாலோனிலை நிக்கிற ரெண்டு தெர்மோவின்ரை திருகாணியையும் பூட்டிவிடுங்கோ. மேலை சூடு வருதோ எண்டு பாருங்கோ." இண்டைக்கு ஆக்கள் வருகினம் என்று நான் சொன்னேன். "கொஞ்ச நேரந்தானே அம்மா, நான் திருப்பி எடுக்கிறன், அதுக்குப் பிறகு திறவுங்கோ" என்றாய். நீ சொன்னாய் என்று பூட்டினேன். மேலே ஓடிப்போய்க் கை வைத்தால், ஓம், மெல்ல மெல்லச் சூடு ஏறுகிறது. உனக்குச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரே சந்தோசம், விசர்ச்சி மாதிரி. தெலெபோனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நீ எடுக்கவில்லை. நீ எடுக்கிற வரைக்கும் திறக்கக்கூடாதென்று நானும் திறக்கவில்லை. பிறகு அடுப்பில் வேலை என்னை இழுத்துக்கொண்டது, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், விருந்து மேசை போட்ட சாலோன் ஐஸ் மாதிரிக் கிடந்தது. அவவின் தம்பியின் மனைவி மேற்கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டா. சிஞ்ஞோராவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் அவ உன்னைக் கூப்பிட்டு விட்டா. நீ வந்து சாலோனின் நடுவில் நின்றாய். நான் கதவடியில் கோப்பித் தட்டோடு நின்றேன். யார் பூட்டினது என்று அவ கேட்டா. நீ என்னைப் பார்த்தாய், ஒரு கணம். நீ உண்மையைச் சொல்லப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். பெற்ற மனம் பித்து, வேறென்ன. நீ அவவின் பக்கம் திரும்பி, சிரித்து, தோளைக் குலுக்கி, இந்த ஊர்ப் பெடியங்கள் சொல்லுவது போலவே சொன்னாய்: "மியா மாத்ரே நொன் கப்பீஷே." என் அம்மாவுக்கு விளங்காது. விளங்காமல் கண்டதையும் திருகுவா, அதனால்தான் முழு வீடும் குழம்பினது என்றும் சேர்த்தாய்.

அந்த வசனத்தை, "நொன்" என்றால் இல்லை என்று அர்த்தமும் சேர்த்து, உனக்குச் சொல்லித் தந்ததே நான்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் வந்த புதிதில், இந்த நாட்டில் இருக்கிற அனுமதிக்கு, அந்தப் பெர்மெஸ்ஸோவுக்காக, கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விடியலிலேயே வரிசையில் நிற்போமே. அங்கே அவர்கள் குறுக்கு விசாரணை தொடங்கினால், எனக்குப் பதில் தெரிந்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். உன் தோளை ஒருக்கா இடிப்பேன். நீ நிமிர்ந்து, "மியா மாத்ரே நொன் கப்பீஷே" என்பாய். உன் குரல் அப்போது கிளி மாதிரி இருக்கும். அவர்கள் அலுத்துப்போய்ச் சரி சரி என்று முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்து நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்போம். ஒரு நாள் உன் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆசிரியை என் முகத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளை படிக்கிறானில்லை, பொய்க்காரணம் சொல்கிறான் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னா. நீ எனக்கு மொழிபெயர்த்தது: "அம்மா, ரீச்சர் சொல்லுறா, நான் நல்ல கெட்டிக்காரனாம்." எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. விளங்காத மாதிரித் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உனக்கு முட்டை பொரித்துத் தந்தேன். அன்றைக்கு உனக்கு இரண்டு அடி போட்டிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

எனக்கு விளங்காது என்ற பேச்சு அந்நியனுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒளிந்துகொள்கிற இடமாக இருந்தது. அதே பேச்சைத் தூக்கி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வயிறு வேறுதான், அதை நான் ஒத்துக்கொள்வேன். வாய் வேறு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். நீ மேலே வந்தாய். நான் பின்னால் வந்து, கீழே பூட்டினதும் இது சுட்டது என்று மட்டும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் தெர்மோவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கீழே பூட்டினால் இது ஏன் சுடுகிறது என்று உன்பாட்டில் முணுமுணுத்தாய். பிறகு தண்ணீரை இறக்கி, ஸ்பானரைப் போட்டுத் திருகாணிக்குப் பக்கத்திலிருந்த பெரிய நட்டைக் கழற்றினாய். உள்ளே ஒரு தகரத் தகடு, நடுவில் கடலை போகிற அளவு ஓட்டை. உன் முகம் அப்படியே மலர்ந்தது. "அம்மா, இஞ்சை பாருங்கோ! பழைய ஆக்கள் போட்டிருக்கினம். பம்பு இல்லாத காலத்திலை சுடுதண்ணி எல்லாம் மேலைதான் ஓடும், கீழ் வீட்டுக்குச் சூடு போகாது. அதுதான் மேலை இதைப் போட்டு மறிச்சிருக்கினம். இப்ப பம்பு தள்ளுது. தண்ணி லேசான வழியாலை கீழையே சுத்திப்போட்டுப் போகுது, இந்த ஓட்டைக்குள்ளாலை ஆர் கஷ்டப்பட்டு வரப்போறது?" எவ்வளவு வடிவாக விளங்கப்படுத்தினாய்! விளங்காத அம்மாவுக்கு! தகட்டை ஜன்னலடியில் போட்டுவிட்டு நட்டைப் பூட்டினாய். தெர்மோ சுட்டது. நானும் வெட்கம்கெட்டவள், அந்த நேரம் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

கீழே இறங்கி நீ சிஞ்ஞோராவிடம் என்ன சொன்னாய் என்று படிக்கட்டில் நின்று கேட்டேன். காற்றுத்தான் சிஞ்ஞோரா, இப்போது சரி, அம்மாவை இனி ஒன்றையும் தொடவேண்டாம் என்று சொல்லுங்கோ என்றாய். தகட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலமை நீ எடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவவின் தம்பியின் கட்டிடத்தில் இதே மாதிரி வேலை உனக்குக் கிடைக்க இருக்கிறது. தொடக்கத்திலேயே கழற்றிப் பார்த்திருக்கவேண்டியதை நீ பார்க்கவில்லை என்று தெரிந்தால் அது கைநழுவிப் போகும். கலியாணமும் வருகிறது. விளங்குகிறது தம்பி, எல்லாம் விளங்குகிறது. நீ மேலே நின்றபோது, "அம்மா, இந்தப் பழியை நீங்கள் கொஞ்சம் தாங்குங்கோ" என்று கேட்டிருந்தால் நான் ஓம் என்றிருப்பேன். யோசிக்காமல் ஓம் என்றிருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்காமல் எடுத்து என் தலையில் வைத்தாய், அதுவும் சிரித்துக்கொண்டு வைத்தாய். அதற்குத்தான் உன்னை மன்னிக்க முடியாமல் கிடக்கிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதன் பலனையும் கேள். சிஞ்ஞோரா சாமான் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டா. இத்தனை காலமும் என்னோடு மற்றவர்களோடு போலக் கதைத்தவ, இப்போது செவிடியோடு கதைப்பது போல ஒவ்வொரு சொல்லாக, உரக்க, கையைக் காட்டிக் கதைக்கிறா. நான் அடுப்பைப் பற்ற வைத்தால் பின்னால் வந்து நின்று பார்க்கிறா. நான் அவவுக்குச் சொல்லிப் பார்த்தேன், இத்தாலியனில்தான் சொன்னேன், மகன் சொல்லித்தான் பூட்டினேன் என்று. அவ என் கன்னத்தைத் தடவி, "பொவெரீனா" என்றா. பாவம் என்று அர்த்தம். பெற்ற மகனே சொன்ன பிறகு அவவுக்கு வேறு சாட்சி வேண்டுமா? போன கிழமை கூப்பிட்டு இருத்தி, உயிர்த்த ஞாயிறு முடிய வேறொரு இளம் பெண் வரப்போகிறாள், நீ களைத்துப்போனாய், மகனோடு போய் இரு என்று சொல்லிவிட்டா. வேலை போனால் என் பெர்மெஸ்ஸோ எந்தக் கயிற்றில் தொங்கும் என்று உனக்குத் தெரியும். என் அறை இப்போது நல்ல சூடு தம்பி. இந்த அறையில் இவ்வளவு சூடு ஒருநாளும் இருந்ததில்லை. அதில் இருக்கத்தான் எனக்கு நாள் இல்லை.

மகனோடு போய் இரு என்கிறா. உன் வீட்டுக்கு வந்து என்ன செய்ய? அங்கேயும் உப்புக் கூடினால், குழந்தை அழுதால், கதவு திறந்து கிடந்தால், அம்மாவுக்கு விளங்காது என்று ஒரு வசனம் இருக்கிறதே. உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன், அவளும் இதை வாசிக்கட்டும். பிள்ளை, இவன் கெட்டவன் இல்லை. அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், உழைப்பான். ஆனால் மற்ற ஆளுக்கு முன்னால் தனக்கு வெட்கம் வரும் என்று தெரிந்தால், பக்கத்தில் நிற்கிற ஆளைத் தள்ளிவிட்டு அந்த வெட்கத்திலிருந்து தப்புவான். இனிமேல் பக்கத்தில் நிற்கப்போகிறவள் நீ. தம்பி, உனக்கும் சொல்கிறேன்: உன் மனிசி ஒரு நாள் இது குளிருது என்று சொன்னால், முதலில் போய்க் கை வைத்துப் பார். பிறகு உன் படிப்பைக் காட்டு. குளிருகிற அறையில் இருக்கிற ஆளுக்குத்தான் அது குளிருது என்று தெரியும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீ ஜன்னலடியில் விட்டுப்போன தகடு என்னிடம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிஞ்ஞோராவின் மேசையில் வைக்க எத்தனையோ தரம் படி இறங்கினேன். அவவுக்கு ஒரு சொல்கூடத் தேவைப்பட்டிருக்காது. காற்று என்றவன் எதைக் கழற்றினான் என்று கண்ணாலேயே கண்டிருப்பா. என் வேலை மிஞ்சியிருக்கும், உன் வேலை போயிருக்கும். பாதிப் படியில் நின்று திரும்பி ஏறினேன். இரக்கத்தால் என்று நினையாதே. உன் பிழையை நான் போய்ச் சொன்னால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன், அந்த ரோசத்தால்தான் திரும்பினேன்.

அந்தத் தகட்டை இந்தக் கடிதத்தோடு உனக்கே அனுப்புகிறேன். கடித உறைக்குள் தடித்துக் கிடப்பது அதுதான். இனி என்னிடம் அத்தாட்சி ஒன்றும் இல்லை, நான் யாருக்கும் எதையும் காட்ட முடியாது. கடலில் எறிய விரும்பினால் எறி, மொண்டெல்லோவுக்குப் பஸ் இருக்கிறது. எறிந்துவிட்டுக் கலியாணத்தைக் கட்டு. நான் வரமாட்டேன். ஓலையில் என் பெயரை வாசிக்கட்டும், அதைத் தடுக்க எனக்கு வழியில்லை, ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆள் கோயிலில் இருக்கமாட்டாள்.

எறிய மனம் வராவிட்டால், கடைசி ஓலை வாசிக்கிற ஞாயிறு, பூசை முடிய நேரே இங்கே வா. சாலோனுக்கு வா, அன்று நின்ற அதே இடத்தில் நில். நானும் கதவடியில் நிற்பேன். நீண்ட பேச்சு ஒன்றும் வேண்டாம், அழவும் வேண்டாம், என் காலில் விழவும் வேண்டாம். தகட்டை மேசையில் வை. பிறகு நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்த அந்த வசனத்தை எடுத்து, நடுவில் கிடக்கிற "நொன்" என்ற சொல்லை மட்டும் கழற்றிவிட்டு, அவவுக்குக் கேட்கச் சொல்லு.

அம்மா